எல்லாரும் சொகம், ஓவர்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு வயர்லெஸ் செட் இருந்தது. ஆழ்கடலுக்குப் போகிற படகு திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே மொபைல் சிக்னல் செத்துவிடும். அப்புறம் படகுக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டியும், மொட்டைமாடியில் இரும்புக் குழாயின் உச்சியில் கட்டிய ஆண்டெனாவும்தான். அப்பாவுக்கு ஒரு படகில் பங்கு. கரையில் நின்று ஐஸ், டீசல், மீன் ஏலம் எல்லாம் பார்த்துக்கொள்வது அவர். அதனால் செட் எங்கள் வீட்டில். சாயங்காலமானால் தெருப் பெண்கள் பாதிப்பேர் எங்கள் மாடிப்படியில்.

செட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கிற எல்லாப் படகிலும் கேட்கும். ரொம்ப தூரத்துப் படகு நேரடியாக எட்டாது. நடுவில் கிடக்கும் இன்னொரு படகு அதைக் கேட்டு வாங்கி நமக்குச் சொல்லும். புருஷன் சொன்னதை வேறொரு ஆளின் வாயால்தான் கேட்க வேண்டும்.

"உனக்க மாப்பிள ஒரு காரியம் சொல்லச் சொல்லுகான். எனக்கு வாயில வரல்ல. நீயே புரிஞ்சுக்க, ஓவர்."

"கரைக்கு வந்து அவனுக்க வாயால சொல்லட்டும்னு சொல்லுங்க, ஓவர்."

கடலில் அவர்கள் சிரிப்பது நமக்குக் கேட்காது. சிரித்திருப்பார்கள்.

நான் அப்போது தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கருங்கல் ஜங்ஷனில் பஸ் மாறிப் போய்வர வேண்டும். கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து பார்த்துவிடுவேன். வீட்டு ரேடியோ, டார்ச், அப்பாவின் பழைய போன், பக்கத்து வீட்டு மிக்ஸி. "ஏட்டி, தொறக்கத் தெரிஞ்சா போதாது, மூடவும் தெரியணும்" என்பார் அப்பா. மூடவும் தெரியும். செட்டின் ஆண்டெனா வயர் உப்புக்காற்றில் பச்சை பிடித்து அறுந்தபோது மாற்றியது நான்தான். அன்றிலிருந்து பெண்கள் அப்பாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார்கள். "மோளே, ஒண்ணு பிடிச்சுத் தா."

செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. கெட்ட செய்தியை செட்டில் சொல்லக் கூடாது. கடலில் நிற்கிறவன் கையில் கத்தி இருக்கும், தூண்டில் கயிறு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் சாவு என்று கேட்டால் அந்தக் கை என்ன செய்யும்? கேட்டாலும் உடனே ஓடி வர முடியுமா? அதனால் இப்படிச் சொல்வார்கள்: "வீட்டுல எல்லாரும் சொகம். ஒரு சின்ன காரியம் இருக்கு, கரைக்கு வரணும்." கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும். படகில் இருக்கிற மற்றவர்களுக்கும் புரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். படகு திரும்பும்.

பெரியப்பாவுக்கு இது நன்றாகவே தெரியும். அப்பாவின் அண்ணன், எங்கள் முற்றத்திலேயே பக்கத்து வீடு. எங்கள் படகில்தான் போகிறார். ஒரு முறை படகில் கூட வந்த ஆளின் தம்பி கரையில் இறந்துபோக, அந்தச் செய்தியை செட்டில் கேட்டு வாங்கி அவனிடம் சொன்னது பெரியப்பா. "ஒண்ணும் இல்ல மக்கா, எல்லாரும் சொகமாக்கும்" என்று சொல்லிச் சொல்லி, கரை வரும்வரை அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாராம். இதை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார், சாதாரணமாக, மீனுக்கு ஐஸ் போட்ட கதை மாதிரி.

பெரியப்பாவுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன். அவன் கடலுக்குப் போகவில்லை. அரபு நாடு ஒன்றில், வேலையாட்கள் தங்கும் கேம்ப் மெஸ்ஸில் பரிமாறும் வேலை. ஒரு நாள் பெரியம்மாவின் போனுக்கு அங்கிருந்து யாரோ கூப்பிட்டு, பேட்டரி வெடித்துக் கையில் காயம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பெரியப்பா அப்போது கொச்சியில் மீன் இறக்கிவிட்டு மறுபடி வடக்கே கிளம்பிப் போயிருந்தார். கையில் காயம்தானே, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சில வாரம் கழித்து அப்பா திருவனந்தபுரம் போய் அண்ணனைக் கூட்டிவந்தார். வலது கை மணிக்கட்டோடு இல்லை. வலது கண் இல்லை. வலது காது கேட்பது குறைவு. காரை விட்டு இறங்கி, "ஏட்டி, பரிச்ச முடிஞ்சா?" என்று என்னைக் கேட்டான். முடிந்தது என்றேன். முடிந்திருக்கவில்லை.

என்ன நடந்தது என்று அவன் ஒரே ஒரு முறைதான் சொன்னான். பெரியம்மா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே கேட்டாள், அவன் மென்றுகொண்டே சொன்னான். மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த காவல்காரர் ஒருவர் வாக்கி டாக்கியைப் பரிமாறும் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருக்கிறார். அது கூப்பிட்டிருக்கிறது. அவருக்கு ஏதோ அவசரம் போல என்று இவன் எடுத்துக் கொடுக்கப் போயிருக்கிறான். அவ்வளவுதான்.

"ஒண்ணு மட்டும் இல்லம்மா. அதே நேரத்துல ஊருல பல இடத்துல வெடிச்சிருக்கு. ஒரே மாதிரி செட்டு. உள்ள வெடிமருந்து வச்சு வித்திருக்கான்."

"யாரு மக்கா?"

"தெரியாது. யாரையோ நெனச்சு வச்சது. அவங்க கையிலயும் வெடிச்சிருக்கும். ஆசுபத்திரியில எனக்கு அடுத்த கட்டில்ல ஒருத்தரு, துணி தேய்க்கிறவரு. தேய்க்கக் குடுத்த பேண்ட்டுப் பையில கெடந்தத எடுத்து மேசையில வச்சிருக்காரு. அதுக்கடுத்து ஒரு டாக்ஸிக்காரன். பின் சீட்டுல யாரோ விட்டுட்டுப் போனது. வார்டு பூராவும் கைதான். எல்லாக் கைக்கும் ஒரே மாதிரி துணிக் கெட்டு."

பெரியம்மா அடுத்த உருண்டையைப் பிடித்து நீட்டினாள். அவன் வாய் திறந்தான். கோபமே வராதா என்று எனக்கு இருந்தது. நான் கேட்காமலே சொன்னான்: "எனக்குன்னு வச்சிருந்தா அவன்கிட்டக் கோவப்படலாம். எனக்குன்னு வைக்கல்லியே."

மறுநாள் கருங்கல் பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் இரண்டு வரி இருந்தது. யார் மேலும் குற்றம் சாட்டவில்லை, யாருடைய பெயரும் இல்லை. கை என்று ஒரு வார்த்தை கூட இல்லை. பெரிய ஆர்வத்தோடுதான் போனேன், எப்படி வைத்திருப்பார்கள், பேட்டரிக்குள்ளா, வேறு எங்காவதா என்று. பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆர்வத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியம்மா எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். மற்ற பெண்களும் இருந்தார்கள். பெரியப்பாவின் படகு அப்போது வெகுதூரம், நேராக எட்டாது. நடுவில் ஒரு படகு கேட்டு வாங்கத் தயாராக இருந்தது. அப்பா மைக்கை அவளிடம் கொடுத்தார். அவள் பட்டனை அமுக்கினாள்.

"மகன் வந்திருக்கான். வீட்டுல எல்லாரும் சொகம். அவர கரைக்கு வரச் சொல்லணும், ஓவர்."

அப்பா அவளைப் பார்த்தார். "மைனி, வெவரத்தச் சொல்லாண்டாமா?"

"கை போனத ஊரு ஒலகம் கேக்கணுமா? அவரு வந்து பாக்கட்டும்."

"சொல்லிப்போடலாம். நீ தைரியமா இரி, ஓவர்" என்றது நடுப்படகுக் குரல். தைரியமாக இரு என்று ஏன் சொல்கிறார் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவுக்குக் கை போனதை மறைத்தால் போதும். செட்டில் அந்த வார்த்தைகளுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது எங்கள் யாருக்கும் அந்த நேரம் நினைவில் இல்லை. லீவு இல்லாமல் மகன் அரபு நாட்டிலிருந்து வந்திருக்கிறான், எல்லாரும் சுகம், கரைக்கு வா. கடலில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரு சவப்பெட்டியை நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நடுப்படகு கூப்பிட்டது. பெரியப்பாவின் படகு கரை நோக்கித் திரும்பிவிட்டது. வழியில் ராத்திரியே மகனுக்காக ஜெபமாலை சொல்லியாகிவிட்டது. அவர் பச்சைத்தண்ணீர் தொடவில்லை. அடக்கத்தை அவர் வரும்வரை வைத்திருப்பீர்களா என்று கேட்கச் சொன்னாராம்.

அப்பா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "யாருக்கலே அடக்கம்? பையன் உயிரோட இருக்கான்! கீழ உக்காந்து காப்பி குடிக்கான்! சொல்லு அண்ணன்கிட்ட, ஓவர்!"

போன செய்திக்குப் பதில் வந்தது. "சொன்னோம். அவரு சொல்லுகாரு, நானும் இப்படித்தான் சொல்லுவேன், எனக்கு இந்த வெளையாட்டு தெரியும்னு. ஓவர்."

பெரியம்மா ஏறி வந்து பேசினாள். அழுகையில் பாதி வார்த்தை போய்விட்டது. அழுகிற மனைவியின் குரலை மூன்றாம் ஆள் எப்படி எடுத்துச் சொல்லியிருப்பானோ. பதில் முன்பு வந்ததுதான். அவர் நம்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் படகு நேராகக் கேட்கும் தூரத்துக்கு வந்தது. படகு ஓட்டுகிறவர் பேசினார். அவர் குரலில் எப்போதும் ஒரு கேலி இருக்கும், அன்றைக்கு இல்லை.

"இவரு சொவமில்லாம இருக்காரு. விடியக்காலத்த படகு விளிம்புல தண்ணிக்குக் காலத் தொங்கப் போட்டு இருந்தாரு. நாங்க பிடிச்சு இழுத்தோம். இப்ப இடுப்புல கயிறு கெட்டி கேபினுக்க கால்ல கெட்டிப் போட்டிருக்கோம். பையன் இருக்கான்னா அவனப் பேசச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். கரை அடைய நாளக் காலத்த ஆவும். அதுவரைக்கும் எங்களால பிடிச்சு வைக்க முடியுமோ என்னமோ, ஓவர்."

அண்ணனைப் பேச வைக்க வேண்டும். அதுதான் காரியம். அண்ணனோ வந்த நாளிலிருந்து போன் பக்கமே போகவில்லை. யாருடைய போனாவது மணியடித்தால் எழுந்து போய்விடுவான். பயந்த மாதிரியே இருக்காது. வெயில் மாறினால் நிழலுக்கு நகர்வது மாதிரி நகர்ந்து வேறு இடத்தில் உட்காருவான். எங்கள் மாடிப்படி பக்கம் அவன் எட்டியும் பார்த்ததில்லை.

நான் இறங்கி ஓடினேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. எனக்கு எப்போதும் ஒரு யோசனை இருக்கும். வீட்டில் ஒரு கைசெட்டும் கிடந்தது, துறைமுகத்தில் பேச அப்பா வைத்திருப்பது. அதைத் தூரத்தில் வைத்தே பேட்டரியைக் கழற்றி, ஸ்க்ரூ எடுத்து, மூடியைத் திறந்து, அவன் பார்க்கத் தரையில் பரப்பினேன்.

"பாரு அண்ணா. செல்லு, ஒரு சின்ன போர்டு, ஒயரு. வேற ஒண்ணும் கெடையாது. நீயே பாரு."

அவன் ஒரு கண்ணால் பார்த்தான். "அங்கயும் இப்படித்தான் இருந்திருக்கும் மக்கா. தொறந்து பாத்தா தெரியப்பிடாதுன்னுதானே வச்சிருக்கான்."

"இது அப்பா கடையில வேண்டினது. ரெண்டு வருஷமா நம்ம வீட்டுலயாக்கும் கெடக்கு."

"அந்தக் காவல்காரரும் அத ரொம்ப நாளா இடுப்புலதான் வச்சிருந்தாரு."

படித்ததில் எதுவும் அங்கே உதவவில்லை. ஒரு பொருள் ஆபத்தில்லை என்று காட்ட அதைத் திறந்து காட்டலாம் என்று நினைத்திருந்தேன். திறந்து காட்டினால் தெரியாதபடி செய்தவன் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்றால், அப்புறம் எதைக் காட்டுவது?

பெரியம்மா வாசலில் நின்று சொன்னாள்: "மக்கா, அப்பா கயிறு அறுத்துட்டாருன்னா?"

"நான் பேசாண்டாம்னா சொல்லுகேன்? அதுக்க பக்கத்துல போவ முடியல்ல." கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முடியவில்லை என்பதை ஒரு தகவலாகச் சொன்னான்.

அப்போதுதான் மைக் ஞாபகம் வந்தது. மாடிச் செட்டின் மைக்கில் பேட்டரி கிடையாது. ஒரு பட்டன், ஒயர், பேசுகிற துளை, அவ்வளவுதான். பெட்டி மாடியிலேயே இருக்கட்டும், மைக் மட்டும் கீழே வரட்டும். நான் மேலே ஓடி மைக்கின் சுருள் வயரை வெட்டினேன். அப்பா "ஏட்டி, என்ன செய்யுத!" என்று கத்தினார். பதில் சொல்லாமல் பழைய கேபிளை எடுத்து நிறம் பார்த்து முறுக்கி, டேப் சுற்றி, ஜன்னல் வழியாக முற்றத்துக்கு இறக்கினேன். துணிக்கொடிக் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றித் தென்னை வரை கொண்டுபோனேன். பட்டனை அமுக்கிப் பார்த்தேன். மேலிருந்து அப்பா, "போவுது, போவுது" என்றார்.

அண்ணன் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றான். அதற்கு மேல் வரவில்லை. நான் மைக்கை அவன் பக்கம் நீட்டிப் பட்டனை அமுக்கித் தலையாட்டினேன்.

"அப்பா!" என்று கத்தினான். வந்த நாளிலிருந்து அவன் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை. "அப்பா, நான்தான். நான் இருக்கேன். சொகமா இருக்கேன்!"

பட்டனை விட்டேன். மாடி ஜன்னலிலிருந்து ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு பெரியப்பாவின் குரல். கிழவன் குரலாகிவிட்டிருந்தது.

"யாரப்பா அது? தூரத்துல கேக்குது. யார வச்சுப் பேச வைக்கியோ? எல்லாரும் சொகம்னு சொல்லுங்க. சொல்லுங்க. ஓவர்."

மறுபடி அமுக்கினேன். அண்ணன் கத்தவில்லை. கல்லைச் சுற்றி வந்தான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. நின்றான். மைக்கைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து நின்றான். நான் பட்டனை விடவில்லை.

"அப்பா. எனக்க வலது கை போச்சு. மணிக்கட்டோட இல்ல. வலது கண்ணும் போச்சு. வாக்கி டாக்கி வெடிச்சு. அதனால இந்த மைக்குக்குக் கிட்ட வர முடியல்ல. அதான் தூரத்துல கேக்குது. வேற ஒண்ணும் இல்ல."

நான் பட்டனை விட்டேன்.

எந்தப் படகும் பேசவில்லை. அந்தச் சேனலில் எத்தனை பேர் இருந்தார்களோ, எல்லாரும் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊர் செட்டில் இப்படி ஒரு செய்தியை யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மறைக்க நினைத்ததெல்லாம் இப்போது கடல் முழுக்கப் போயிருந்தது.

ஸ்பீக்கர் திறந்தது.

"வலது கையா?"

அமுக்கினேன். "ஆமா."

"எழுதுக கைல்லா." அப்புறம் காற்று. இன்ஜின் சத்தம். பெரியப்பா பட்டனை விட மறந்திருந்தார். அதனால் அவர் படகில் இருந்தவனிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "கயிற அவுருலே. எனக்க மோன்தான். பொய்யா இருந்தா சொகம்னுதானே சொல்லுவான்."

யாரோ என்னவோ கேட்டார்கள். "கஞ்சி இருக்கா?" என்றார் பெரியப்பா. பிறகு சத்தம் அறுந்தது.

கொஞ்சம் கழித்து ஒரு தூரத்துப் படகு, "கேட்டோம், ஓவர்" என்றது. இன்னொன்று, "நாங்களும் கேட்டோம், ஓவர்." எதற்கு அவர்கள் அதைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அப்பா மேலிருந்து, "செரி, ஓவர்" என்றார்.

அண்ணன் கல்லுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போயிருந்தான். நான் இன்னும் மைக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் பேட்டரி கிடையாது என்று எல்லாரையும் விட எனக்குத்தான் தெரியும். கையை மடக்கி அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுவராமல், நீட்டியபடியே கொண்டுபோய்ப் படியில் வைத்தேன்.

பெரியப்பா மறுநாள் காலையில் வந்தார். அழுவார் என்று எதிர்பார்த்துத் தெருவே கூடியிருந்தது. அவர் அழவில்லை. படகில் எல்லாம் அழுதாகிவிட்டது என்றார். மகனின் கட்டைக் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மகன் அப்பாவின் சட்டையைத் தூக்கி இடுப்பில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து இட்லி தின்றார்கள். பெரியம்மா ஒருவருக்கு ஊட்டினாள், ஒருவருக்குப் பரிமாறினாள்.

சாயங்காலம் பெண்கள் வழக்கம்போல மாடிக்கு வந்தார்கள். நான் மைக்கைப் பழைய இடத்திலேயே, குட்டை வயரில் இணைத்துக் கொடுத்தேன். முற்றத்தில் ஓடிய நீளக் கேபிளை மட்டும் கழற்றவில்லை. முதலில் நேரமில்லை, பிறகு தோன்றவில்லை. பெரியம்மா அதில் துணி காயப் போட ஆரம்பித்தாள். அதன் ஒரு நுனி ஜன்னலில் தொங்குகிறது, எதோடும் சேரவில்லை.

அண்ணன் கிணற்றடிக்குப் போகும்போது அதன் கீழே போக மாட்டான். தென்னையைச் சுற்றிப் போவான். அண்ணா, அது வெறும் வயராக்கும் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.